அது எந்த யூனியன்?

அமெரிக்கா போய்வந்த உறவினர் யாராவது படங்களைக் காட்டினால் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வாஷிங்டனில் 'யூனியன் ஸ்டேஷன்'. சிகாகோவிலும் 'யூனியன் ஸ்டேஷன்'. லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதே பெயர்! பெயருக்கு அவ்வளவு பஞ்சமா என்று உங்களுக்குத் தோன்றும்.

இது தொழிலாளர் யூனியன் அல்ல. பஞ்சாயத்து யூனியனும் அல்ல. 'யூனியன் பசிபிக்' என்று ஒரு ரயில்வே கம்பெனி உண்டு. அதன் பெயரும் அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ரயில்களை ஓட்டியவை தனியார் கம்பெனிகள். ஒவ்வொன்றும் தனித் தண்டவாளம் போட்டது. தனி ஸ்டேஷனும் கட்டிக்கொண்டது. அவதிப்பட்டவர்கள் யார்? பிரயாணிகள்தாம்! இடுப்பில் குழந்தை, காலடியில் டிரங்குப் பெட்டி. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கு ஓடவேண்டும். ரயில் போய்விட்டதா? அடுத்த ரயில் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இண்டியானாபொலிஸ் நகரில் 1853-ல் இதற்கு ஒரு வழி பிறந்தது. பல கம்பெனிகளின் வண்டிகளும் வந்து நிற்கப் பொதுவாக ஒரே ஸ்டேஷன் திறந்தார்கள். கம்பெனிகள் ஒன்றுசேர்ந்த இடம் ஆகையால் 'யூனியன்' என்று பெயர். தண்டவாளங்கள் சேர்ந்தால் ஜங்ஷன். முதலாளிகள் சேர்ந்தால் யூனியன்! நியூயார்க்கில் 1910-ல் பென்ஸில்வேனியா கம்பெனி தனியாகக் கட்டிய ஸ்டேஷனுக்கோ, கம்பெனியின் சொந்தப் பெயர்தான்.

எல்லா ஊரிலும் இந்தச் சேர்க்கை சுலபமாக நடந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கம்பெனிகள் மறுத்தன. பொது ஸ்டேஷன் வேண்டும் என்று 1926-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1931-ல் தீர்ப்பு ஊர்ப் பக்கம் வந்தது. 1939-ல்தான் மூன்று கம்பெனிகளுக்கும் பொதுவான ஸ்டேஷன் திறந்தது. சேர்த்து வைத்தது பிரியமல்ல, பிரயாணிகளின் பிடிவாதம்!

பிறகு மோட்டாரும் விமானமும் வந்தன; ரயிலில் கூட்டம் குறைந்தது. 1971-ல் 'ஆம்ட்ராக்' என்ற நிறுவனம் பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளை ஏற்றுக்கொண்டது. செயின்ட் லூயிஸில் 1894-ல் திறந்த அழகான யூனியன் ஸ்டேஷனுக்கு 1978-க்குப் பின் அந்த வண்டிகள் வருவதில்லை; அங்கே ஹோட்டல் நடக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

கூட்டுக் குடும்பம் பிரிந்த பிறகும் வாசலில் தாத்தாவின் பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்த மாதிரிதான்!