தேசியப் பதிவேட்டில் உள்ள வீட்டை இடிக்கலாமா? அலபாமாவின் ஒரு கிராமப்புற கவுண்டி சொல்லும் பதில்

அமெரிக்காவில் 150 வருஷப் பழைய வீடு ஒன்றை நீங்கள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ‘தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில்’ இருப்பதாக வாசலில் ஒரு பலகை சொல்கிறது. உங்கள் சொந்தப் பணத்தில் அதை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட முடியுமா?

முடியும். உள்ளூர் விதி ஏதும் குறுக்கே வராத வரை, தேசியப் பதிவேடு உங்களைத் தடுக்காது.

நமக்கு இது விநோதமாகத் தெரியலாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தில் கைவைப்பது குற்றம். அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கே தடை. அமெரிக்கப் பட்டியலின் வேலை வேறு மாதிரி. அதைப் புரிந்துகொள்ள ஹேல் கவுண்டியைப் பார்க்கலாம்.

ஹேல் கவுண்டியில் என்ன இருக்கிறது?

கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம மாவட்டம். ஆனால் ஹேலின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி, வெறும் 14,785. தலைமையிடம் கிரீன்ஸ்போரோ. கறுப்பு மண்ணால் பெயர் பெற்ற ‘பிளாக் பெல்ட்’ பகுதி இது. அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்து, சிலர் பெரும் பணக்காரர்களான நிலம்.

அந்தப் பணம் வீடுகளாக நிற்கிறது. 1840 வாக்கில் கட்டப்பட்ட மாக்னோலியா குரோவ் என்ற தூண் மாளிகை 1973-ல் பதிவேட்டில் சேர்ந்தது. கிரீன்ஸ்போரோவின் பழைய பகுதி 1976-ல் மொத்தமாக ‘வரலாற்று வட்டாரம்’ ஆனது. கவுண்டியின் வடக்கே, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் எழுப்பிய மவுண்ட்வில் மண்மேடுகளும் பட்டியலில் உண்டு.

பட்டியலில் எப்படி இடம் கிடைக்கும்?

1966-ல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. பொதுவாக, கட்டடத்துக்கு 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். முக்கிய நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டடக்கலை, தொல்லியல் தகவல் என நான்கில் ஒரு காரணமாவது பொருந்த வேண்டும். பழைய தோற்றம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. தனியார் சொத்து என்றால் உரிமையாளர் ஆட்சேபித்தால் சேர்க்க முடியாது. வட்டாரம் என்றால், உரிமையாளர்களில் பாதிக்கு மேல் ஆட்சேபிக்கக் கூடாது.

சேர்ந்தால் என்ன லாபம்?

முக்கியமாக இரண்டு. முதலாவது, மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் சாலை, பாலம் போன்ற திட்டம் அந்த இடத்தைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். இதுவும் ஆலோசனைக் கடமைதான். திட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் இதில் இல்லை.

இரண்டாவது, வரிச் சலுகை. விதிப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 1 லட்சம் டாலர் செலவுக்கு 20,000 டாலர். ஆனால் அது கடை, விடுதி, வாடகை வீடு மாதிரி வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும். பாட்டி காலத்து வீட்டில் தானே குடியிருக்கும் ஒருவர் கூரையை மாற்றினால், இந்தச் சலுகை கிடையாது.

சரி, யாருடைய வீடு தப்பிக்கிறது?

சிக்கல் இங்கேதான். மாக்னோலியா குரோவ் தப்பியதற்குப் பட்டியல் மட்டும் காரணமில்லை. அது மாநில அரசின் சொத்து, இன்று அருங்காட்சியகம். பராமரிக்க ஒரு கை இருக்கிறது.

இதே கவுண்டிக்கு 1936-ல் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் வந்து, ஏழைக் குத்தகை விவசாயிகளின் பலகை வீடுகளைப் பதிவு செய்தார்கள். அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் அந்த மாதிரி வீடுகள் நிலைப்பது கஷ்டம். மெல்லிய மரம், ஒழுகும் கூரை. ஏழைக் குடும்பம் தகரம் மாற்றும், சன்னலை அடைக்கும், ஒரு அறை சேர்க்கும். அப்போ ‘பழைய தோற்றம் மாறக் கூடாது’ என்ற விதியில் அந்த வீடு அடிபட்டுப்போகும்.

ரோசன்வால்ட் பள்ளிகளின் கதையும் இதையொட்டியதுதான். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டும் தொடங்கிய திட்டம். 1932 வரை தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன. கணக்கைப் பாருங்கள்: ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது சுமார் 44 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது சுமார் 47 லட்சம் டாலர். வள்ளலை விட ஊர்க்காரர்கள் அதிகம் போட்டிருக்கிறார்கள்.

அவற்றில் இன்று நிற்பவை சுமார் 10 சதவீதம்தான் என்பது மதிப்பீடு. ஹேல் கவுண்டியில் 1915-ல் கட்டிய எமோரி பள்ளி அப்படி மிஞ்சிய ஒன்று. அது 1998-ல்தான் பதிவேட்டில் ஏறியது, மாளிகைக்கு 25 ஆண்டுகள் கழித்து.

அப்போ உண்மையில் எது காப்பாற்றும்?

இடிப்பதைத் தடுக்கும் பலம் உள்ளூர்ச் சட்டத்துக்கு உண்டு. நகராட்சி தனியாக விதி போட்டு குழு அமைத்தால், அனுமதியில்லாமல் கட்டடத்தின் முகப்பைக்கூட மாற்ற முடியாது. இன்னொரு வழி, ‘இதை இடிக்க மாட்டோம்’ என்று உரிமையாளர் பத்திரத்திலேயே எழுதி ஓர் அமைப்பிடம் கொடுப்பது. அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்.

ஆனால் இரண்டுக்குமே ஆள் வேண்டும், பணம் வேண்டும். மக்கள் குறையும் கிராமப்புறத்தில் பல வீடுகளை யாரும் இடிப்பதில்லை. பூட்டிக் கிடந்து, மழையில் ஊறி, தானாகவே விழுகின்றன. அதைத் தடுக்கும் விதி பதிவேட்டில் இல்லை.

இனி ‘பாதுகாக்கப்பட்ட வரலாற்று வீடு’ என்று எங்காவது படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமையாளர் யார்? உள்ளூர்ச் சட்டம் இருக்கிறதா? அடுத்த கூரைச் செலவை யார் கொடுப்பார்கள்? மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், அந்த வீட்டுக்கு இருப்பது மரியாதை மட்டும்தான்.