மூன்று நாள் சஹாரா – 5: மணல்மேட்டுக்கு வயது பார்த்த கதை

போன வாரம் வேனை தாதெஸ் பள்ளத்தாக்கில் நிறுத்தியிருந்தோம். மராகேஷில் ஏறியவர்கள், திஷ்கா கணவாயின் வளைவுகளில் பாலிதீன் பை கேட்டவர்கள், கடைசி சீட் வேண்டாமென்று டிரைவரிடம் மல்லுக்கட்டியவர்கள் எல்லாரையும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வாரம் ஒட்டகக்காரர்களின் கூலியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தது. ஒட்டகக்காரரைப் பிடிக்கப் போன இடத்தில் மணல்மேடு ஒன்று மாட்டிக்கொண்டது. அதை விட மனசில்லை.

முதலில் நம் பழைய கணக்கு. மொராக்கோவின் மராகேஷிலிருந்து எர்க் ஷெபி மணற்காட்டின் ஓரத்தில் இருக்கும் மெர்ஸூகா வரைக்கும் ஏறக்குறைய 560 கிலோமீட்டர். போக வர 1,100-க்கு மேல். முதல் நாள் காலை ஏழு, எட்டு மணிக்குக் கிளம்பும் வேன் மூன்றாம் நாள் இரவு திரும்பும்போது அறுபது மணி நேரம் ஓடியிருக்கும். அதில் மணலில் கழிவது எவ்வளவு? இரண்டாம் நாள் சாயங்காலம் போய்ச் சேர்கிறார்கள், மறுநாள் விடிந்ததும் கிளம்புகிறார்கள். தாராளமாகப் போட்டால் பதினைந்து மணி நேரம். தூக்கம், சாப்பாடு, கழிப்பறை வரிசை இவற்றைக் கழித்தால் ஐந்து மணி நேரம் மிஞ்சும். போய் வந்தவர்களின் புலம்பலில் பாதி இந்தக் கணக்குதான். "பாலைவனம் பார்க்கப் போனோம், வேன் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தோம்" என்பார்கள். ஆனால் அதே ஆட்கள்தான் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவதும்.

இரண்டே நாளில் முடிகிறதே என்று ஸாகோரா பயணத்துக்குப் பணம் கட்டுபவர்களின் கதை இன்னும் மோசம். மராகேஷிலிருந்து ஸாகோரா கிட்ட. ஆனால் அங்கே கண்ணில் படுவதெல்லாம் முழங்கால் உயர மணல் திட்டுகளும் சரளைக்கல்லும்தான். பெரிய மணல்மேடுகள் வேண்டுமென்றால் மஹமீத் ஊரையும் தாண்டி ஷெகாகாவுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் அதற்குப் போதாது. ஸாகோராவில் பலரும் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு பலகை உண்டு. ஒட்டக வரிசை ஒன்றை வரைந்து, திம்புக்டு 52 நாள் என்று எழுதியிருக்கும். இரண்டு நாள் பயணி அதன் கீழே நின்று சிரிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இரண்டாம் நாள் பகலை வேகமாகக் கடந்துவிடலாம். தோத்ரா பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் 300 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துப் பாறை, நடுவே பொடி நடையாகக் கடந்துவிடக்கூடிய ஓடை. அப்புறம் கம்பளக் கடை. அப்புறம் வேறு கடையே இல்லாத இடத்தில் மதியச் சாப்பாடு, அதற்கேற்ற விலை. எர்ஃபூதில் புதைபடிவப் பட்டறை. பழங்கடலின் உயிரினங்கள் அப்படியே கல்லாகிப் போன கறுப்புச் சுண்ணாம்புக்கல்லை இழைத்து, மேஜையும் கைகழுவும் தொட்டியும் செய்து வைத்திருப்பார்கள். அங்கே விற்கும் டிரைலோபைட்டுகளில் ரெசினில் வார்த்த போலிகளும் உண்டு. மலிவாக, முழுசாக, அழகாக ஒன்று கிடைத்தால் சந்தேகப்படுவது நல்லது.

எர்ஃபூதைத் தாண்டினால் ரிஸ்ஸானி. இங்கேதான் வேன் ஒரு தப்பு செய்கிறது: நிற்காமல் போகிறது. ஊரை ஒட்டிக் கிடக்கும் மண்சுவர்க் குவியல்தான் சிஜில்மாசா. எட்டாம் நூற்றாண்டில் எழுந்து, சஹாராவைக் கடந்து வந்த தங்கத்தால் கொழுத்த வணிக நகரம். இபின் பதூதா 1352-ல் மாலி நாட்டுக்கு ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டது இங்கிருந்துதான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மதுரை சுல்தானின் ஊரில் தங்கியிருந்துவிட்டுப் போனாரே, அதே இபின் பதூதா. சிஜில்மாசாவிலிருந்து 25 நாள் நடந்து தகாஸா என்ற ஊரை அடைந்ததாக எழுதுகிறார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரைக்கு ஒட்டகத் தோல்.

அவர் போனதும் வழிகாட்டியோடு போன பல நாள் பாலைப் பயணம்தான். பாதி வழியில் தக்ஷீஃப் எனப்படும் முன்தூதன் ஒருவனைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். அவன் தனியாக முன்னே போய், வலாத்தா ஊர்க்காரர்களிடம் கூட்டம் வருவதைச் சொல்ல வேண்டும். அவர்கள் தண்ணீரோடு நாலு நாள் தூரம் எதிரே வருவார்கள். தக்ஷீஃப் வழியில் செத்துப்போனால் ஊருக்குத் தகவல் போகாது, தண்ணீர் வராது, கூட்டமும் செத்தது. அந்தத் தடவை அவனுக்குப் பேசிய கூலி 100 மித்கால் தங்கம். கூட்டத்தின் வழிகாட்டிக்கோ ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொரு கண்ணும் நோய்ப்பட்டது. ஆனாலும் அவரைப் போலப் பாதை தெரிந்தவர் எவரும் இல்லையாம்.

வேன் நிற்கவில்லை என்பதால் நாமும் மெர்ஸூகாவுக்கே போவோம்.

சஹாரா என்றாலே மணல் என்று நினைத்து வருபவர்களுக்கு அது வரை ஏமாற்றம்தான். சஹாராவில் மணல் கால்வாசிதான். மீதியெல்லாம் கல்லும் சரளையும் பாறையும். ரிஸ்ஸானிக்குத் தெற்கேயும் தட்டையான கறுப்புச் சரளை வெளி. அதன் விளிம்பில் திடீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவர் தெரியும். வேனுக்குள் அது வரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வது அப்போதுதான். எர்க் ஷெபியின் உயர்ந்த மேடுகள் 150 மீட்டரைத் தொடும். அந்தப் பக்கம் கொஞ்சத் தொலைவில் அல்ஜீரிய எல்லை. 1994 முதல் மூடிக் கிடக்கிறது.

ஒட்டகம் காத்திருக்கும். ஒற்றைத் திமில். திமிலைச் சுற்றி வளையமாகச் சுருட்டிப் போட்ட கம்பளி மெத்தை, முன்னால் பிடித்துக்கொள்ள இரும்புக் கைப்பிடி. ஏறி உட்காரும் வரை சாதுவாகப் படுத்திருக்கும் ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். உட்கார்ந்திருப்பவர் ஒட்டகத்தின் கழுத்து மேல் கவிழப் போவார். அவர் சுதாரிப்பதற்குள் முன்னங்கால் நிமிரும். இப்போது மல்லாந்து விழப் போவார். இது தெரிந்த ஒட்டகக்காரர்கள் "பின்னால சாயுங்க" என்று நாலைந்து மொழிகளில் கத்துவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்த ஒட்டகங்களை ஒருவர் முன்னால் நடந்தே இழுத்துப் போவார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். இருபதாவது நிமிடத்தில் தொடை எரிய ஆரம்பிக்கும். இறங்கி நடந்து வருகிறேன் என்று கெஞ்சுகிற ஒருவராவது கூட்டத்தில் இருப்பார்.

இப்படி ஆடி ஆடிப் போகும்போது பயணிகள் கேட்கும் கேள்வி ஒன்று: "இந்த மணல் எங்கேயிருந்து வந்தது?" அதற்கு வழிகாட்டிகளிடம் தயாராக ஒரு கதை உண்டு. வசதியான ஊர், திருவிழா நாள். பசியோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சோறு போட ஆளில்லை, விரட்டிவிட்டார்கள். கடவுளுக்குக் கோபம் வந்து ஒரே ராத்திரியில் ஊர் மேல் மணலைக் கொட்டிவிட்டார். எர்க் ஷெபியின் கீழே அந்த ஊர் இருக்கிறது. பயணிகள் பூச்சாண்டிக் கதை கேட்ட குழந்தைகள் மாதிரி தலையாட்டுவார்கள்.

இந்த இடத்தில்தான் 2024 மார்ச்சில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை நுழைகிறது. எர்க் ஷெபியில் லாலா லாலியா என்று ஒரு மணல்மேடு. 100 மீட்டர் உயரம், 700 மீட்டர் அகலம். மேலேயிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி கை விரித்துக் கிடக்கும் வகை. ஒரே பக்கம் காற்றடிக்கும் இடத்தில் பிறை வடிவ மேடு உருவாகும். எதிரெதிர்த் திசைகளிலிருந்து காற்று மாறி மாறி அடித்தால் மணல் ஓட வழியில்லாமல் ஒரே இடத்தில் குவிந்து நட்சத்திரமாகும். வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டுல்லரும் லண்டன் பர்க்பெக் கல்லூரியின் சார்லி பிரிஸ்டோவும் இந்த மேட்டுக்கு வயது பார்த்தார்கள்.

மணலுக்கு எப்படி வயது பார்ப்பது? மணி ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். அது இங்கே வந்து எப்போது புதைந்தது என்பதல்லவா கேள்வி. புதைந்த மணல்மணி ஓர் உண்டியல். சுற்றியுள்ள மண்ணில் இயல்பாகவே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு அதற்குள் துளித்துளியாக ஆற்றலைப் போட்டுக்கொண்டே இருக்கும். வெயில் ஒரு முறை பட்டால் போதும், உண்டியல் காலி. மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஆகவே வெளிச்சமே படாமல் மணலை எடுத்து, ஆய்வகத்தில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேர்த்து வைத்திருப்பதை அது மெல்லிய ஒளியாகக் கக்கும். எவ்வளவு அதிக ஒளியோ அவ்வளவு அதிகக் காலம் புதைந்து கிடந்திருக்கிறது.

வெளிச்சமே படக்கூடாது என்பதுதான் இதில் வேடிக்கையான சங்கடம். உலகத்திலேயே வெயில் கொளுத்தும் ஓர் இடத்துக்குப் போய், ராத்திரி வரும் வரை காத்திருந்து, இருட்டில் மணல் தோண்ட வேண்டும். அப்படித்தான் தோண்டினார்கள். ஊருக்குக் கொண்டுபோன பிறகும் பழைய போட்டோ ஸ்டுடியோ இருட்டறை போல மங்கலான சிவப்பு விளக்கில்தான் பிரித்தார்கள். மேட்டின் உள்ளே அடுக்குகள் எப்படிப் படிந்திருக்கின்றன என்பதை ரேடாரை மணல் மேல் இழுத்துச் சென்று பார்த்தார்கள்.

வந்த விடை அவர்களையே அசத்தியது. அடிவாரம் 13,000 ஆண்டு பழசு. அதன்பின் பல ஆயிரம் ஆண்டுகள் மேடு வளராமல் சும்மா கிடந்திருக்கிறது; சஹாராவில் மழை பெய்து புல் முளைத்திருந்த காலமும் அதற்குள் அடக்கம். ஆனால் நட்சத்திரமாக எழுந்து நிற்கும் அந்தப் பெரிய உடம்பு? கடைசி 1,000 ஆண்டுகளில் மளமளவென்று வளர்ந்தது. இன்னும் உட்காரவுமில்லை. கிழக்கேயிருந்து அடிக்கும் காற்று அதை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் மேற்கே தள்ளிக்கொண்டிருக்கிறது.

இதை ரிஸ்ஸானியின் அந்த மண்சுவர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழு ருசி. சிஜில்மாசா கட்டப்பட்டபோது லாலா லாலியா இன்றைய உயரத்தில் இல்லை. யுகயுகமாக நிற்கிறது என்று பயணி நினைக்கும் மேடு, அவர் நிற்காமல் கடந்துவந்த இடிந்த நகரத்தைவிட இளசு. சோறு மறுத்த ஊர்க் கதைக்கு இதை யாரும் சாட்சியாக இழுக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டும் ஒரே ராத்திரியும் ஒன்றல்ல. ஆனாலும் மணல் பிற்பாடு வந்தது என்கிற ஒரு விஷயத்தில், தலையாட்டிய பயணியைவிடக் கதை சொன்ன வழிகாட்டி ஆராய்ச்சிக்குக் கிட்டத்தில் இருக்கிறார்.

கேம்புக்கு வருவோம். புதினா போட்ட தேநீரை ஒரு முழ உயரத்திலிருந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவார்கள், சர்க்கரை தூக்கல். மண்சட்டியில் வெந்த தஜின், ரொட்டி, ஆரஞ்சுப் பழத்துண்டு. சாப்பாடு முடிந்ததும் மேளமும் இரும்புத் தாளமும். அந்தத் தாளத்துக்குச் சொந்தக்காரர்களான ஞாவா மக்கள் வசிக்கும் கம்லியா கிராமம் மெர்ஸூகாவுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. சஹாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் அவர்கள். மூன்று நாள் வேனுக்கு அங்கே போக நேரமிருக்காது.

குறைகளும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரிக் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு வந்தவர் நாலு கம்பளிக்குள்ளும் நடுங்குவார். நட்சத்திரம் பார்க்க வந்தவர் பௌர்ணமியன்று வந்து மாட்டிக்கொள்வார். பயணச்சீட்டு எடுக்கும்போது நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துக்கொள்வது உத்தமம். மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு சக்கர பைக்குகள் உறுமும்.

விடியற்காலை மேடு ஏறுவது தனி அவஸ்தை. காற்று படாத சரிவில் மணல் ஏறக்குறைய 33 பாகை சாய்வில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் சாய்ந்தால் தானே சரிந்துவிடும். அதில் ஏறினால் இரண்டடி வைத்து ஒன்றரையடி இறங்க வேண்டியதுதான். முகட்டு வரம்பைப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் போனவரின் கால்தடத்தில் கால் வைத்தால் மூச்சு மிஞ்சும். அந்த நேரத்து மணல் பாதத்துக்கு ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும்.

கோடையில் வெளிநாட்டு வேன்கள் குறைந்துவிடும். அப்போது மெர்ஸூகாவுக்கு வருவது மொராக்கோக்காரர்களே. மூட்டுவலிக்காரர்களைக் கழுத்து வரை சுடுமணலில் சில நிமிடங்கள் புதைத்து வைத்து, வெளியே எடுத்துக் கம்பளியில் சுற்றிச் சூடாகத் தேநீர் கொடுப்பார்கள். ஐந்து மணி நேரக் கணக்கெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. நாள்கணக்கில் தங்கி, மறுபடி மறுபடி புதைந்துகொள்வார்கள்.

பக்கம் முடியப் போகிறது, ஒட்டகக்காரர் இன்னும் கயிறும் கையுமாக நிற்கிறார். அன்று 100 மித்கால் வாங்கிய தக்ஷீஃபின் இடத்தில் இன்று இருப்பவருக்கு நாள் கூலி எப்படி, டிப்ஸ் யார் பைக்குப் போகிறது, கம்பளக் கடையில் வேன் நிற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் அடுத்த வாரம் கட்டாயம். கூடவே, எல்லைக்கு அந்தப் பக்கம் அல்ஜீரியாவின் பெனி அப்பேஸில் 1950-களில் ஒட்டகத்துக்கு மொட்டையடித்து அது எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்த விஞ்ஞானியும் வரிசையில் நிற்கிறார். அவரை உள்ளே விட்டால் கூலிக் கணக்கு மறுபடி தள்ளிப்போகுமோ என்று ஆசிரியர் இப்போதே முறைக்கிறார்.

(தொடரும்)