எந்தப் பதிப்பில் வந்தது?

நுழையும்முன்

கல்லிலும் ஏட்டிலும் எழுதியவற்றைப் படியெடுத்துக் காத்த மரபு தமிழருடையது. இன்று அப்பணியைக் கணினி மென்பொருள்கள் செய்கின்றன. கல்லும் ஏடும் ஒருமுறை எழுதினால் அப்படியே நிற்பவை. மென்பொருளோ அடிக்கடி மாறுவது. மாறிக்கொண்டேயிருக்கும் கருவியைப் பற்றிப் படிப்போர் ஏமாறாத வண்ணம் எழுதுவது எப்படி? அக்கலையின் ஒரு கூற்றை விளக்குகிறது இப்பாடம்.

படியும் காப்பும்

கணினியிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதே காப்புப்படி. 'பேக்கப்' என்று வழக்கில் குறிப்பிடுவது இதனைத்தான். வன்தட்டு பழுதாகலாம், கருவி களவு போகலாம், கைதவறிக் கோப்பு அழிந்துபோகலாம். அவ்வேளையில் கைகொடுப்பது காப்புப்படி. படியெடுத்து வைக்கும் நாளில் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. மீட்டெடுக்கும் நாளில்தான் தெரிகிறது. அன்று மூலம் நம்மிடம் இருக்காது. எனவே, காப்புப்படி மென்பொருளின் பயன்பாட்டுக் கையேட்டில் நேரும் சிறு தெளிவின்மையும் பெருந்துன்பத்திற்கு வழிவகுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த மாணவர் குழு ஒன்று, சுற்றுவட்டார ஏரிகளின் ஒளிப்படங்களையும் முதியோர் கூறும் வாய்மொழிக் கதைகளின் ஒலிப்பதிவுகளையும் திரட்டியிருப்பதாகக் கொள்வோம். அவற்றை 'ரெஸ்டிக்' என்னும் திறந்தமூல மென்பொருளால் வெளிவன்தட்டு ஒன்றில் காப்புப்படி எடுக்கின்றனர். இடம் மிச்சமாகும்படி கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியையும் பயன்படுத்துகின்றனர். ஓராண்டு கழிந்ததும் அந்தக் கணினி பழுதடைகிறது. வெளிவன்தட்டைப் பழைய மடிக்கணினி ஒன்றில் இணைக்கின்றனர். அதிலும் ரெஸ்டிக் உண்டு. ஆயினும் படியைத் திறக்க இயலவில்லை. 'எல்லாம் அழிந்துபோயிற்று' என்று குழுவினர் கலங்குகின்றனர்.

உண்மையில் எதுவும் அழியவில்லை. கோப்புகளைச் சுருக்கும் வசதி, 2022ஆம் ஆண்டு வெளிவந்த ரெஸ்டிக் 0.14.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கெனக் களஞ்சியத்தின் அமைப்பும் இரண்டாம் வடிவத்திற்கு மாறியது. பழைய மடிக்கணினியில் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. இரண்டாம் வடிவக் களஞ்சியத்தை அதனால் படிக்க முடியாது. புதிய பதிப்பை நிறுவினால் கதைகள் அனைத்தும் மீண்டும் ஒலிக்கும்.

இந்த உண்மையை மாணவர்கள் அறிவது எங்ஙனம்? ரெஸ்டிக் கையேட்டில் ஒரு சிறிய அட்டவணை உள்ளது. களஞ்சியத்தின் முதல் வடிவத்தை எல்லாப் பதிப்புகளும் படிக்கும். இரண்டாம் வடிவத்திற்கு 0.14.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. கோப்புச் சுருக்கம் இரண்டாம் வடிவத்தில் கிடைக்கும். அட்டவணை கூறுவது இவ்வளவே. ஆனால், கலங்கி நிற்போர்க்கு அந்தச் சில சொற்களே வழிகாட்டி.

'புதிய' என்னும் சொல்லின் ஆயுள்

வசதியொன்று சேர்க்கப்பட்டவுடன், 'இது புதிய வசதி' என்று கையேட்டில் எழுதிவிடுவது எளிது. நம் ஊர்கள் பலவற்றில் 'புதுத்தெரு' என்றொரு தெரு உண்டு. அங்குள்ள வீடுகளோ மூன்று தலைமுறை கண்டவை. பெயரிட்ட நாளில் அது புதியது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கையேட்டில் இடம்பெறும் 'புதிய', 'தற்போது', 'அண்மையில்' ஆகிய சொற்களும் அத்தகையனவே. எழுதியவருக்கு அவற்றின் காலம் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. '0.14.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது' என்னும் தொடரோ பத்தாண்டுகள் கழிந்தாலும் பொய்யாவதில்லை.

மூவகைக் குறிப்புகள்

மென்பொருள் கையேடுகளில் பதிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் மூவகைப்படும்.

1. சேர்ந்தது: குறிப்பிட்ட பதிப்பில் வசதி முதன்முதலாக இடம்பெற்றதைக் கூறுவது.
2. மாறியது: முன்பே இருந்த வசதியின் இயல்பு எப்பதிப்பில், எவ்வாறு மாறிற்று என்பதைக் கூறுவது.
3. கைவிடப்படுவது: ஒரு வசதி இனிமேல் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதையும் அதற்கு மாற்று எது என்பதையும் கூறுவது.

பைத்தான் நிரல்மொழியின் கையேடு இம்முறையைச் சீராகப் பின்பற்றுகிறது. அக்கையேட்டை உருவாக்குவதற்காகத் தோன்றி, 2008இல் வெளியிடப்பட்ட 'ஸ்ஃபிங்ஸ்' என்னும் ஆவணக் கருவி, இம்மூன்று குறிப்புகளுக்கும் தனித்தனிக் கட்டளைகளைக் கொண்டுள்ளது. ரெஸ்டிக் முதலிய காப்புப்படி மென்பொருள்கள் சிலவற்றின் கையேடுகளும் இக்கருவியால் ஆக்கப்பட்டவையே.

காலத்திற்கேற்பப் பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமாகா என்பது நன்னூலார் கருத்து. மென்பொருளுக்கும் இது பொருந்தும். எது நீங்கியது, எது சேர்ந்தது, எப்போது என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

குறிப்புக்குரிய இடம்

ஒவ்வொரு பதிப்புடனும் மாற்றங்களின் பட்டியல் வெளியாகிறதே, அது போதாதா என்னும் வினா எழலாம். அப்பட்டியல் கால வரிசையில் அமைவது; கையேட்டை நாடுபவரோ தேவையின் வழியே வருபவர். 'கோப்பைச் சுருக்குவது எப்படி?' என்று தேடி வருபவர், பல ஆண்டுப் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்கமாட்டார். ஆகவே, வசதியை விளக்கும் பத்தியை ஒட்டியே குறிப்பும் அமைய வேண்டும். மருந்தின் காலாவதி நாளை அதன் உறையிலேயே அச்சிடுவது போன்றது இது.

கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஜிஎன்யூ டார் என்னும் பழைய மென்பொருளிலும் இத்தேவை உண்டு. 'இசட்ஸ்டாண்டர்டு' முறையில் சுருக்குவதற்கான விருப்பத்தேர்வு, 2019இல் வெளிவந்த 1.31 பதிப்பில் அதனுடன் சேர்ந்தது. முந்தைய பதிப்பில் அக்கட்டளையை இட்டால், அப்படியொரு விருப்பத்தேர்வே இல்லை என்று கணினி மறுத்துவிடும். பதிப்பு எண் அருகில் இருந்தால், தட்டச்சுப் பிழையோ என்று மாணவர் ஒருமணி நேரம் தேடவேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

பதிப்பு எண்ணிலுள்ள புள்ளி, தசமப் புள்ளி அன்று. அது பகுதிகளைப் பிரிக்கும் குறி. எனவே, பைத்தான் 3.9க்குப் பின் வந்தது 3.10. ரெஸ்டிக் 0.9.6க்குப் பின் வந்தது 0.10.0. தசம எண்ணாகக் கொண்டால் 3.10 சிறியதாகத் தோன்றும். பதிப்பெண்ணாகக் கொண்டால் அதுவே பிந்தையது.

எழுத்துக்கும் பதிப்பு உண்டு

தமிழ் எழுத்துகளுக்கும் இத்தகைய குறிப்பு உண்டு என்பது வியப்பளிக்கலாம். ஒருங்குறியிலுள்ள ஒவ்வொரு குறியீட்டிற்கும் அது சேர்க்கப்பட்ட பதிப்பு பதிவு செய்யப்பட்டுள்ளது. 'ஶ' என்னும் எழுத்தும் தமிழ்ச் சுழிய எண்குறியும் 2005இல் வெளியான 4.1 பதிப்பில் சேர்ந்தவை. முந்திரி எனப்படும் 1/320 முதலான பின்னக் குறிகளும் பழங்கணக்குக் குறியீடுகளும், மொத்தம் 51, 2019இல் வெளியான 12.0 பதிப்பில் இடம்பெற்றன. பழைய நிலக்கணக்கு ஏட்டைத் தட்டச்சு செய்து அனுப்புகையில், பெறுபவரின் திரையில் பின்னங்களுக்கு மாற்றாக வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், அதனைத் தட்டச்சுப் பிழை என்று முடிவுகட்டக்கூடாது. அவருடைய எழுத்துரு அப்பதிப்புக்கு முந்தையதாக இருக்கலாம்.

கல்லில் ஒரு முன்னோடி

படியெடுக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமாகிய செம்பியன் மாதேவியார், காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அப்போது, பழைய கற்களிலிருந்த கல்வெட்டுகள் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அவை பழைய கல்வெட்டுகளின் படிகள் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டது. அக்குறிப்பு இல்லையெனில், முந்தைய மன்னர் காலத்துக் கொடை பிற்காலச் சுவரில் இடம்பெற்றது ஏன் என்று ஆய்வாளர் திகைத்திருப்பர். படி உள்ளடக்கத்தைக் காக்கிறது; குறிப்பு அதன் பொருளைக் காக்கிறது.

நம் கடமை

கையேடு எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று இக்கடமை. காப்புப்படி எடுக்கும் ஒவ்வொருவரும் நாள், மென்பொருளின் பெயர், அதன் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் எளிய உரைக்கோப்பு ஒன்றில் எழுதி, படியுடன் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் அதனை மீட்டுப் பார்த்தல் வேண்டும். மாணவர்கள் திரட்டிய முதியோர் குரலை வருங்காலத்தில் கேட்க விரும்புவோரிடம் நாம் நேரில் சென்று விளக்க இயலாது. நாம் எழுதி வைத்த ஒற்றை வரிதான் அவர்களிடம் பேசும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினியில் உள்ள மென்பொருள்கள் ஐந்தின் பதிப்பு எண்களைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. 'இது புதிய வசதி' என்னும் தொடரைப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் பொருந்துமாறு திருத்தி எழுதுக.
3. கைப்பேசிச் செயலி ஒன்றின் வசதியை, மூவகைப் பதிப்புக் குறிப்புகளுள் பொருத்தமானவற்றைப் பயன்படுத்தி விளக்குக.