கடல் நிலவரம்: இயந்திர அறிவிடம் கேட்கலாமா?

கைப்பேசியில் கேட்டதற்கு விடை சொல்லும் செயற்கை அறிவு உதவியாளர், முன்பு படித்ததைக் கொண்டே பேசும். காசிமேட்டிலோ எண்ணூரிலோ இருந்து, 'நாளை கடல் எப்படி?' என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்லிவிடவும் கூடும். மீனவருக்கு அது உயிருக்கே உலை.

இணையத்தில் தேடும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தால், அன்றைய அறிவிப்பைத் தேடிப் படித்துச் சொல்லும். ஆனால் தேடும்போது பழைய செய்தியும் அகப்படும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாட்கள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள். பழைய கணக்கை நம்பி வலையேற்றினால் நட்டம்தான். எனவே யார் அறிவித்தது, என்றைய தேதி என்பதையும் கேட்டறிவது அவசியம்.

அலைக்கு ஐதராபாத் 'இன்காய்ஸ்' மையமும், காற்று, புயலுக்கு வானிலைத் துறையும் வெளியிடும் அறிவிப்பே ஏற்கத்தக்கது. ஆழ்கடலில் கைப்பேசி எடுக்காதாகையால், கரையிலேயே கேட்டுக்கொள்வது நலம்.