சபுராளியின் வரவும் செலவும்

பொருள் தேடி ஊர் நீங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியம் அதனைப் பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டுப் பாலைத்திணையில் வைத்துப் பாடிற்று. நம் கடற்கரை ஊர்களிலோ 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லின் வழியே 'சபுராளி' என்னும் சொல்லே வழக்கில் வந்துவிட்டது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியோரைக் குறித்த அச்சொல், பின்னர் வளைகுடா நாடுகளுக்கு விமானமேறுவோரையும் குறிக்கலாயிற்று. பாலைப் பாடல்கள் தலைவன் கடக்கும் சுரத்தின் வெம்மையை விரித்துரைக்கும். சென்ற இடத்தில் அவன் எங்கு உறங்கினான், என்ன உண்டான், உண்டது போக என்ன மிஞ்சியது என்பன பற்றி அவை பெரிதும் பேசுவதில்லை. இக்கட்டுரை அந்த மிச்சக் கணக்கைப் பற்றியது.

ஊரில் இருப்போர் இக்கணக்கை ஒரே பெருக்கலில் முடித்துவிடுகின்றனர். "ஆயிரம் ரியால் சம்பளமாம், ஒரு ரியால் இருபது ரூபாய்க்கு மேலாம்" என்பதே பேச்சு. இப்பெருக்கலுக்கே தேவையில்லாதிருந்த காலமும் உண்டு. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் ஆகிய இடங்களில் இந்திய ரூபாயே செலாவணியில் இருந்தது. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி நோட்டுகளை வெளியிட்டது. ஹஜ்ஜுப் பயணிகளுக்கென வேறு நோட்டுகளும் அக்காலத்தில் அச்சாயின. நம் பெரியவர் சிலர் அவற்றைக் கண்ணால் கண்டிருக்கலாம். 1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் சொந்தத் தினாருக்கு மாறின. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. அதன்பின் எண்ணெய்ச் செல்வம் பெருகப் பெருக அந்நாட்டு நாணயங்கள் உறுதிப்பட்டன. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றும், அமீரகத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. ரூபாய் சரியுந்தோறும் சபுராளி ஊருக்கு அனுப்பும் தொகை பெருகித் தோன்றுவது இதனாலேயே.

ஆயினும் அப்பெருக்கல் கடல் கடந்து வரும் பணத்துக்கே பொருந்தும். அங்கேயே செலவாகும் ரியாலுக்கு அது பொருந்தாது. புதிதாகச் சென்றவன் தேநீர்க் கடையில் நின்று ஒவ்வொரு குவளையையும் ரூபாயில் எண்ணிப் பார்த்து நெஞ்சு பதறுவான். சில மாதங்களில் அப்பழக்கம் அவனை விட்டுவிடும். ஊரிலுள்ளோர்க்கோ அது விடுவதேயில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கத்தார் நாடு 2021 மார்ச்சு முதல் எல்லாத் தொழிலாளர்க்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என விதித்தது. உணவை முதலாளி தராவிடில் 300 ரியாலும், தங்குமிடம் தராவிடில் 500 ரியாலும் கூடுதலாகத் தருதல் வேண்டும். உணவும் உறைவிடமும் பெற்று 1,000 ரியால் ஊதியத்தில் ஓர் இளைஞன் பணி செய்வதாகவும், ரியால் ஒன்றுக்கு 23 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஊரார் கணக்கில் 23,000 ரூபாய். தொலைபேசி, சவர்க்காரம், முடிதிருத்தம், தேநீர், வெள்ளிக்கிழமை வெளியே சென்று வருதல் எனச் சிக்கனமாக 150 ரியால் போய்விடின், மிச்சம் 19,550 ரூபாய். அவன் புறப்படும்போது ஒன்றரை இலட்சம் ரூபாய் நூற்றுக்கு மூன்று மாதவட்டியில் கடன் வாங்கியிருந்தால், முதல் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். மாதந்தோறும் 11,500 ரூபாயைக் கடனுக்கே செலுத்திவந்தாலும் அது தீர 17 மாதங்கள் ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அவனுக்கென உழைப்பது எஞ்சிய ஏழே மாதங்கள். அதுவரை தாய்க்குச் சென்று சேர்வது மாதம் எண்ணாயிரத்துச் சொச்சம். அத்தொகையை உள்ளூரில் ஈட்ட முடியாதா என்பது நம் மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இக்கணக்கில் அவனை வீழ்த்தியது அயல்நாட்டு விலைவாசியன்று. புறப்படும் முன்பே ஏறிவிட்ட கடன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழமைந்த விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் தொழிலாளியிடம் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கு மேற்பட்டதை ரசீதின்றிக் கேட்பவர் விசாவை விற்கிறார் என்றே பொருள். ஜகாத் பெறுதற்குரிய எண்வகையினருள் கடன்பட்டோரையும் வழிப்போக்கரையும் திருமறை குறிப்பிடுகிறது. நம் இளைஞன் விமான நிலையத்தை அடையும்போதே இவ்விரு நிலையையும் எய்திவிடுகிறான். இதன் சட்ட நுணுக்கத்தை ஆலிம்கள் கூறட்டும். ஆயினும் பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள், முறையான கட்டணத்துக்கும் பயணச்சீட்டுக்கும் மட்டுமேனும் வட்டியில்லாக் கடன் வழங்குமாயின் மேற்கண்ட கணக்கு முற்றிலும் வேறாகும். தமக்கையின் நகை அடகுக் கடைக்குப் போகாது.

உறைவிடத்தை முதலாளி தராதபோது செலவில் முதலிடம் பெறுவது வாடகையே. துபாயில் தனித்து வாழ்வோர் பலர் அறையை வாடகைக்கு எடுப்பதில்லை. ஒரு கட்டிலை எடுக்கின்றனர். இதனை 'பெட் ஸ்பேஸ்' என்பர். ஈரடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டுக்கு மேல்தட்டினும் வாடகை மிகுதி. சாளரத்தை ஒட்டியதாயின் இன்னும் சற்று மிகுதி. குளிரூட்டியின் மின்கட்டணம் வாடகையுள் அடங்குமா என்று கேட்டறியாமல் சேர்ந்தவன் கோடையில் திகைப்பான். அளவுக்கு மீறி ஆட்களை அடைத்த வீடுகளை நகராட்சியார் சோதனையிட்டு வெளியேற்றுவதும் உண்டு. அத்தகைய அறையில் குறைந்த வாடகைக்குப் படுத்திருப்பவன் ஒருநாள் பெட்டியோடு தெருவில் நிற்க நேரிடும்.

உணவில்தான் நம்மவரின் திறம் வெளிப்படுகிறது. அறைத்தோழர்கள் முறைவைத்துச் சமைக்கும் மெஸ்ஸில் மாதக் கடைசியில் செலவைக் கூட்டி ஆட்களால் வகுப்பர். விடுப்பில் சென்றவன் நாட்கள் கழிக்கப்படும். குப்பூஸ் ரொட்டி மலிவு. அரிசியும் பருப்பும் தமிழ்நாட்டுப் பக்குவத்திலேயே கிடைக்கின்றன. ரமளானில் பள்ளிவாசல்களை ஒட்டிய கூடாரங்களில் நோன்பு திறக்க உணவு கிடைத்துவிடும். துபாயின் தேராப் பகுதியில் தமிழ் அமைப்பினர் வழங்கும் நோன்புக் கஞ்சி ஊர் நினைவையும் சேர்த்தே தரும். அம்மாதத்து மிச்சம் பலருக்குப் பெருநாள் பணமாகிறது. ஊரிலிருந்து மசாலைப் பொருள்கள் கொண்டுசெல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. நம் வீட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அமீரகம், சவூதி, கத்தார் ஆகிய நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஒரு சிறு பொட்டலத்துக்காகச் சிறை காண நேரும். வலிக்கு உண்ணும் மாத்திரைகள் சிலவும் அவ்வாறே. மருத்துவச் சீட்டின்றி எடுத்துச் செல்லல் ஆகாது.

குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள விழைவோர் நிலை வேறு. அமீரகத்தில் 2019இல் வந்த விதிப்படி 4,000 திர்ஹமோ, வீட்டுடன் 3,000 திர்ஹமோ ஊதியம் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அழைத்தல் எளிது, பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அவ்வூதியத்தை விழுங்கிவிடும். சவூதியில் 2017 ஜூலை முதல் உடனுறையும் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் மாதம் 100 ரியால் வரியாக விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து 2020 ஜூலையில் 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு மக்களும் எனின் ஆண்டுக்கு 14,400 ரியால். பொருள் விற்பனை வரியும் 2018இல் 5 விழுக்காடாகத் தொடங்கி 2020இல் 15 விழுக்காடாக ஏறியது. ஊதியத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆயினும் இவ்வரிகளைத் தாங்கமாட்டாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மீண்டும் கட்டில் வாடகைக்குத் திரும்பினோர் பலர்.

பணம் அனுப்புவதிலும் நுட்பம் உண்டு. அனுப்புகூலி பெரும்பாலும் தொகைக்கேற்ப அன்றி, ஒருமுறைக்கு இவ்வளவு எனக் கொள்ளப்படுகிறது. ஆதலால் மாதத்தில் நான்குமுறை சிறுகச் சிறுக அனுப்புவோன் நான்குமுறை கூலி தருகிறான். கூலியே இல்லை என்று கூறும் நிலையம் நாணய விகிதத்தில் சில காசுகளைக் குறைத்து அதனை ஈடுகட்டிக்கொள்வதும் உண்டு. கையில் கிடைக்கும் ரூபாய் எவ்வளவு என்பதையே ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் மொத்த ஊதியத்தைப் பார்ப்போர் பலர். அடிப்படை ஊதியம் என்னும் வரியைப் பார்ப்போர் சிலரே. அமீரகச் சட்டப்படி பணி முடிவில் தரப்படும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம். அதன்பின் 30 நாள். இது அடிப்படை ஊதியத்தின்மீதே கணக்கிடப்படும். இருவர் மாதம் 2,000 திர்ஹம் பெறுகின்றனர், ஒருவரது அடிப்படை 800, மற்றவரது 1,600, எஞ்சியது படி. ஐந்தாண்டு கழித்து நாடு திரும்புகையில் முதலாமவர்க்கு ஏறத்தாழ 2,800 திர்ஹமும், இரண்டாமவர்க்கு 5,600 திர்ஹமும் கிடைக்கும்.