மிதிவண்டி இருக்கையால் வரும் வலி, மரத்துப்போதல், புண்: அறிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மிதிவண்டி இன்னும் பலருக்கு அன்றாடத் தேவையாகவே இருந்து வருகிறது. விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு செல்வோர், வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் செல்லும் முதியோர், பள்ளி மாணவ மாணவியர் எனப் பலரும் நாள்தோறும் அதன் மீது அமர்கின்றனர். சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மிதிவண்டி ஓட்டுமாறு மருத்துவர்களாகிய நாங்களும் அறிவுரை கூறுகிறோம். ஆனால் அவ்வாறு தொடங்கியவர்களில் சிலர் ஓரிரு வாரங்களில் "உட்கார முடியவில்லை" என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். வயதைக் குறை கூறுவோர் உண்டு. சூட்டைக் குறை கூறுவோர் உண்டு. இருக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

உடல் எதன் மீது அமர வேண்டும்?

கடினமான பலகை மீது அமர்ந்து, இரு கைகளையும் புட்டத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இருபுறமும் உருண்டையான இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இவை இடுப்பெலும்பின் கீழ் முனைகள். உட்காரும்போது உடல் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. இவ்விரண்டுக்கும் நடுவே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மென்மையான பகுதி உள்ளது. பிறப்புறுப்புக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அதன் வழியே செல்கின்றன. எடை எலும்புகள் மீது இருக்கும் வரை தொல்லையில்லை. நடுப்பகுதி மீது எடை இறங்கினால் மரத்துப்போதலும் எரிச்சலும் தொடங்கும்.

இவ்வெலும்பு முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறுபடும். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 14 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெண்களுக்குச் சற்று அகலமாக இருப்பது இயல்பு. இதனை வீட்டிலேயே அளக்கலாம். மடிப்புள்ள அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைத் திண்ணை மீது வைத்து, மெல்லிய ஆடையுடன் அதன் மீது அமர்ந்து, சற்று முன்சாய்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்துடன் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் கிடைப்பதே உங்களுக்கு வேண்டிய இருக்கையின் பின்புற அகலம். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் நம் ஊர் வண்டிகளுக்குச் சிறிது கூடுதலாக இருப்பினும் தவறில்லை.

மெத்தென்று இருந்தால் நல்லதா?

கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, மிக மென்மையான இருக்கையைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக உள்ளது. சிலர் இருக்கும் இருக்கையின் மீது ஸ்பாஞ்ச் உறை மாட்டுகின்றனர்; பழைய துணியைச் சுற்றிக் கட்டுவோரும் உண்டு. கால் மணி நேரப் பயணத்திற்கு இது இதமாகத் தோன்றும். நெடுநேரம் அமர்ந்தால் எலும்பு முனைகள் ஸ்பாஞ்சில் புதைந்துவிடும். அவ்வாறு புதையும்போது நடுவில் உள்ள பஞ்சு மேலெழுந்து, அழுத்தம் படக்கூடாத இடத்தில் அழுத்தும். வியர்வையும் வெளியேற வழியின்றித் தேங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் ரெக்சின் உறை மீது ஒரு மணி நேரம் அமர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பழைய தோல் இருக்கையை எறிந்துவிட வேண்டாம்

நம் வீடுகளில் தாத்தா காலத்து மிதிவண்டி இருந்தால் அதன் இருக்கையைக் கவனியுங்கள். தடித்த தோலை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள் இருக்கும். உள்ளே பஞ்சு கிடையாது. இந்த அமைப்பு இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புரூக்ஸ் போன்ற நிறுவனங்களால் உலகெங்கும் பரவியது. அதே பர்மிங்காம் நகரத்து நிறுவனமொன்றின் கூட்டுடன் 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கிருந்தே நம் ஊர்களுக்கு வந்தன.

புதிய தோல் இருக்கை முதல் சில வாரங்கள் கட்டை போலக் கடினமாக இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமையிழந்து மாற்றிவிடுகின்றனர். தொடர்ந்து அமர அமர, உடல் எடையாலும் வெப்பத்தாலும் எலும்பு முனைகள் படும் இரண்டு இடங்களில் தோல் மெல்லக் குழிந்து, உரியவரின் உடலுக்கு ஏற்ற வடிவத்தைப் பெறும். ஆகவே ஒருவருக்குப் பழகிய இருக்கை மற்றொருவருக்கு ஒத்துவராமல் போகலாம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 15 நிமிடம் ஓட்டி, பின்னர் நேரத்தைக் கூட்டுவது நல்லது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் காற்றையும் ஈரத்தையும் ஓரளவு உள்வாங்கி வெளியேற்றும் தன்மையுடையது. நம் வெயிலுக்கு இது பெரிய நன்மை.

தோலுக்குப் பராமரிப்பு தேவை. மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பிளாஸ்டிக் உறை போதுமானது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவற்றை ஊற்றி ஊறவைத்தால் தோல் தளர்ந்து ஊஞ்சல் போலத் தொங்கிவிடும். ஆண்டுக்கு இருமுறை நிறமற்ற தோல் மெழுகை மெல்லத் தேய்த்தாலே போதும். கறுப்பு பாலிஷ் வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டுவோர் வீட்டில் அதற்கான காரணத்தைக் கேட்டறியலாம். தோல் தொங்கினால் இருக்கையின் மூக்கின் அடியில் உள்ள நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். மிகையாக இறுக்கினால் ரிவெட் உள்ள இடத்தில் கிழியும். ஏற்கெனவே வெடித்து, ரிவெட் தலை மேலே துருத்தி நிற்கும் இருக்கையைப் பயன்படுத்தக் கூடாது; அதனால் ஏற்படும் கீறலில் கிருமி எளிதில் நுழையும்.

உயரமும் சாய்வும்

நல்ல இருக்கையும் தவறாகப் பொருத்தப்பட்டால் வலி தரும். இருக்கையில் அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைப்பதால் முழங்கால் சற்று மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி, தொடை உரசிப் புண்ணாகும். இருக்கையின் மேற்பரப்பு தரைக்கு இணையாக இருத்தல் வேண்டும். மரத்துப்போகும் தொல்லையுடன் வருவோரின் வண்டியைப் பார்த்தால் மூக்கு மேல்நோக்கி நிற்பதைக் காணலாம். பஞ்சர் கடையில் ஸ்பேனர் கொண்டு இரண்டு நிமிடத்தில் இதனைச் சரிசெய்யலாம்.

பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டியைப் பெறும் பிள்ளைகளின் பெற்றோர், வண்டி வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையை அமர வைத்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இடுப்பு வலி, அடிவயிற்றுக்குக் கீழே எரிச்சல் என்று மாணவிகள் வீட்டில் சொல்லத் தயங்குவர். தாய்மார்கள் தாமாகவே கேட்பது நல்லது.

சர்க்கரை நோயாளிகள் கவனத்திற்கு

இருக்கை உரசும் இடத்தில் தோல் சிவத்தல், மயிர்க்கால் வீங்குதல், கட்டி வருதல் ஆகியவை எவருக்கும் ஏற்படலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஓய்விலும் தூய்மையிலும் ஆறிவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். சீழ் விரைவில் பரவும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். வலியில்லை என்பதால் புண்ணில்லை என்று கருதிவிடக் கூடாது.

எனவே வாரம் இருமுறை, குளித்தபின், ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தி, அப்பகுதியைப் பாருங்கள். பார்வை மங்கியவர்கள், குந்த இயலாதவர்கள் மனைவி, கணவன் அல்லது மகன் உதவியைப் பெறலாம். இது கூச்சம் தரும் செயல் என்பதை அறிவோம். பாதத்தைப் பார்க்கச் சொன்னபோதும் முதலில் கூச்சப்பட்டவர்கள்தாம் இன்று தவறாமல் பார்க்கின்றனர்.

தினமும் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள். வியர்த்த ஆடையுடன் வயலில் நாள் முழுதும் இருக்க வேண்டாம். கட்டியைப் பிதுக்குவதோ, அதன் மீது சுண்ணாம்பு வைப்பதோ கூடாது. வட்டவட்டமாக அரிப்புடன் படை வந்தால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவ வேண்டாம். முதல் வாரம் அரிப்பு அடங்கியது போலத் தோன்றும்; பின்னர் படை முன்பைவிட அகலமாகப் பரவும். இத்தவற்றைத் திருத்துவதற்கே எங்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன.

மூலம், பௌத்திரம், குடலிறக்கம், விரைவீக்கம் ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், பிரசவத்தில் தையல் போடப்பட்டவர்களும் மருத்துவர் அனுமதித்த பின்னரே மிதிவண்டியில் அமர வேண்டும்.

மரத்துப்போனால்

ஓட்டும்போது பிறப்புறுப்போ அதன் அடிப்பகுதியோ மரத்துப்போனால், அது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல் மீது எழுந்து நின்று இரத்த ஓட்டத்தைச் சீராக்குங்கள். இருக்கையின் சாய்வைச் சரிபாருங்கள். அமெரிக்காவில் மிதிவண்டியில் ரோந்து செல்லும் 90 காவலர்களுக்கு, மூக்குப் பகுதி இல்லாத இருக்கையை 6 மாதங்கள் கொடுத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. முன்னர் நூற்றுக்கு 73 பேர் மரத்துப்போவதாகக் கூறினர். பின்னர் அது 18க்கும் கீழே குறைந்தது. ஆண்மைக்குறைவு வந்துவிடும் என்று அஞ்சி மிதிவண்டியை விட்டுவிடுவோருக்கு இதனைக் கூறுகிறோம்: மாற்ற வேண்டியது இருக்கை. சர்க்கரையும் புகைப்பழக்கமும் அந்தக் குறைபாட்டுக்கு மிக முக்கியமான காரணங்கள், அவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

வண்டியிலிருந்து இறங்கி ஒரு நாள் கடந்தும் மரத்துப்போதல் நீடித்தால், ஒரு வாரமாகியும் புண் ஆறாவிட்டால், சிறுநீரில் இரத்தம் கண்டால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள்.

இரண்டு நிலைகளில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. முதலாவது, சர்க்கரை நோயாளிக்கு ஆசனவாய் அல்லது விரைப் பகுதியில் வீக்கமும் கடும் வலியும் காய்ச்சலும் ஏற்படுதல், அல்லது தோல் கறுத்தல். இது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய தொற்றாக இருக்கலாம். இரண்டாவது, முதுகுவலியுடன், இருக்கையில் படும் பகுதி முழுவதும் உணர்விழந்து, சிறுநீர் கழிக்க இயலாமையோ கால் தளர்ச்சியோ ஏற்படுதல். இதற்குக் காரணம் மிதிவண்டி இருக்கையன்று. முதுகுத் தண்டின் கீழ்முனை நரம்புகள் நசுங்கியிருக்கலாம். இவ்விரு நிலைகளிலும் 108ஐ அழைத்து, பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வந்து சேருங்கள். பிற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம். சர்க்கரை நோயாளி என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளைக் கையோடு எடுத்து வாருங்கள்.