பெயர் எழுதப்படாத உறவு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், பின்னேரம் கொழுந்து நிறுத்துத் திரும்பியதும் லயத்துக் காம்பராக்களில் தொலைக்காட்சி ஒலிக்கத் தொடங்கிவிடும். நாடகங்களில் மாமியார், மருமகள், இரண்டாம் தாரம் என எத்தனையோ பெண்கள் வருகிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்தே முதுமையடைந்த இரு பெண்களை நான் அவற்றில் கண்டதில்லை. அப்படி ஒரு கதை வந்தால் நம் பெண்கள் என்ன சொல்வார்கள்? இதை அறிய விரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பெண்களோடு அமர்ந்தேன்.

2000ஆம் ஆண்டு எச்.பி.ஓ. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘இஃப் தீஸ் வோல்ஸ் குட் டோக் 2’ படத்தின் முதற்பகுதியைக் காட்டினேன். ஆங்கிலப் பேச்சை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கதை 1961இல் நடக்கிறது. இணைபிரியாது வாழ்ந்த இரு மூதாட்டிகளில் ஒருவர் விழுந்து நோயுறுகிறார். மற்றவர் ‘குடும்பத்தவர் அல்ல’ என்பதால் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க விடவில்லை. அவர் இறந்ததும் உறவினர் வந்து வீட்டுக்கு உரிமை கோருகிறார். வனேசா ரெட்கிரேவ் இதில் நடித்தமைக்காக எம்மி விருது பெற்றார்.

முதலில் இளம் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “அக்கா தங்கச்சியா?” என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் சிரிப்பு அடங்கியது.

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படம் 1998இல் இந்தியாவில் வெளியானபோது திரையரங்குகள் தாக்கப்பட்டன. அது இளம் மனைவியரின் கதை. இங்கே கோபம் எழவில்லை. முதுமையைக் கண்டதும் இரக்கம் வந்தது. ஆனால், ‘அக்கா தங்கச்சி’ என்று சொல்லிக் கடந்து போகும் வழக்கமும் கூடவே வந்தது.

ஓய்வு பெற்ற ஓர் அம்மா மெல்லப் பேசினார். “நம்ம மேக்கணக்கிலயும் ரெண்டு பேரு இருந்தாங்க தங்கச்சி. ஒரே அடுப்பு, ஒரே பாய். அக்கா தங்கச்சின்னுதான் சொன்னோம். இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். பெரியவ செத்ததும் எட்டிக்கூடப் பாக்காத சொந்தக்காரவுங்க வந்து சேமலாபக் காச வாங்கிட்டுப் போனாங்க. சின்னவ இஸ்தோப்புல குந்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா. நாங்களும் வாயத் தொறக்கல.”

பிறகு யாரும் பேசவில்லை.

சட்டமும் இவர்களுக்குத் துணையாக இருந்ததில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, அதுவரை ஆண்களை மட்டும் குறித்த குற்றம் பெண்களையும் உள்ளடக்கியது. அதை நீக்கக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளரின் பெயரைக் கொடுக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் மரண சாசனம் எழுதலாம். லயத்துக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. அதை எழுதிவைக்க முடியாது. சேமிப்பையும் நகையையும் எழுதிவைக்கலாமே!

இது அந்த இருவருக்கு மட்டுமான பாடமன்று. கணவனை இழந்தவர்கள், மணமாகாதவர்கள், சிநேகிதியோடு வாழ்பவர்கள் அனைவருக்கும் உரியது. சகோதரிகளே, கடைசிவரை உங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தரப்போகிறவரின் பெயர் உங்கள் படிவத்தில் இருக்கிறதா? நாளைக்கே தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.